கைப்பிடியில் இருந்த சிவப்பு

நான் வேலை செய்த ஏல நிறுவனம் பழைய ஆயுதங்களை இனி விற்பதில்லை என்று இந்த வசந்தத்தில் முடிவெடுத்து, எங்கள் பிரிவை மூடியது. பதினான்கு வருட வேலைக்குப் பிறகு, முப்பத்தாறு வயதில், இளைப்பாறியோர் பட்டியலில் என் பெயரும் ஏறியது. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். "எனக்கு முதல் நீ பென்சன் எடுத்திட்டாயே புள்ள" என்றார்.

சென்ற மாதம், அங்கே பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் இரண்டு இளம் ஊழியர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். கொள்ளைக்காரர்களின் ரிவோல்வர் பற்றிய கோப்பில், நீதிமன்றப் பட்டியலுக்கும் ஆய்வுகூட அறிக்கைக்கும் நடுவே ஒரு வண்ணப் புகைப்படம் இருக்கிறதாம். மூன்று வயதுப் பெண்குழந்தை தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதுகிறது. வேறு கோப்பிலிருந்து தவறி வந்துவிட்டதா, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள்.

எடுக்க வேண்டாம், அது சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. அந்தக் கோப்பு இனி யார் கைக்குப் போகும் என்று தெரியாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

என் அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கிச் சொல்வதில்லை. அப்பா மட்டக்களப்புக்குத் தெற்கே வயல்வேலை செய்தவர், இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா அந்த இரண்டு வகுப்பையும் பார்க்கவில்லை. அவர்கள் அகதிகளாக வந்த மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் மூன்றாம் மாடி வாடகை வீட்டிலிருந்து நான் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனேன். பிறகு டவுன்டவுனில் பல்கலைக்கழகம், வரலாற்றுப் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலையே கடைசி வேலையும் ஆனது.

ஒரு பழைய பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்று தேடி எழுதுவதுதான் எங்கள் வேலை. அதை எனக்குப் பழக்கியவர் ஒடெட் என்ற அறுபது வயது அம்மையார். மெல்லிய குரல், எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மேசையில் பொருள் இருக்கும்வரை அவர் உட்காரமாட்டார். நின்றுகொண்டே பார்ப்பார், நின்றுகொண்டே எழுதுவார். அழிறப்பர் இல்லாத பென்சில்தான் பாவிப்பார். பிழை என்றால் ஒரே கோடு. கோட்டின் கீழே அந்தப் பிழை வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். தாளில் மூன்று நிரல்கள் போடுவார். சொன்னவர் யார், கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது. முதலில் பொருளிடம் கேள், பிறகு தாளிடம் கேள், மனிதரிடம் கடைசியாகக் கேள் என்பது அவருடைய ஒழுங்கு.

முதல் வருடத்தில் ஒரு வெள்ளித் தேநீர்ப் பாத்திரத்துக்கு, "எப்போதும் இக்குடும்பத்திடமே இருந்தது" என்று எழுதினேன். ஒடெட் வாசித்துவிட்டு, "எப்போதும் என்பதை யார் கண்டது?" என்று கேட்டார். கோடு விழுந்தது. அதன்பிறகு அந்தச் சொல்லை நான் எழுதியதேயில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் அந்த ரிவோல்வர் வந்தது. கொண்டுவந்தவர் ரெனே, ஓய்வுபெற்ற ஆசிரியர்; மரியாதையாக முசியே ரெனே என்போம். நூறு வருடங்களுக்கும் முன்னர் அமெரிக்க எல்லையோரத்தில் தபால் நிலையங்களைக் கொள்ளையடித்த மூன்று சகோதரர்களைப் பற்றிக் கதை உண்டு. மூவரில் நடுவில் உள்ளவனைப் பிடித்த பொலிஸ்காரர் ரெனேயின் பூட்டனார். வழக்கு முடிந்ததும் அந்த ரிவோல்வரைப் பொலிஸ்காரர் நினைவாக வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு, அந்தப் பேத்தி, அதாவது ரெனேயின் பெரியம்மா, இறந்தபின் பெறாமகன் ரெனேக்கு. "எப்போதும் எங்கள் குடும்பத்திடம்" என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்.

ஆறு தோட்டா போடும் கனத்த இரும்பு. மரக் கைப்பிடியில் கத்தியால் வெட்டிய மூன்று தடங்கள், சகோதரர்களுக்கு ஒவ்வொன்று. அந்த மூன்று தடங்களிலும் காய்ந்த சிவப்பு படிந்திருந்தது. பிடிபட்ட அன்று சிந்திய இரத்தம் என்று பெரியம்மா சொல்லக் கேட்டதாக ரெனே சொன்னார். விற்பனைப் பிரிவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தச் சிவப்பைப் பெரிதாக்கிப் படம் எடுத்து, விளம்பரத்துக்கு வைத்துவிட்டார்கள்.

எங்களுக்கு இருந்த சிக்கல் வேறு. தொழிற்சாலை இட்ட இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். அதனால் இது அதே ரிவோல்வர் என்று எழுத முடியாது, அதுவாக இருக்கலாம் என்றுதான் எழுதலாம். நான் சுவடிக்கூடத்தில் மூன்று வாரம் இருந்து வழக்குத் தாள்களைத் தேடினேன். சான்றுப்பொருள் பட்டியல் அகப்பட்டது. அதில் ஒரு வரி: ஒரு ரிவோல்வர், இரண்டு தோட்டாக்கள், அவற்றில் ஒன்று அடிபட்டும் வெடிக்காதது. பொலிஸ்காரரின் நெஞ்சுக்கு நேரே விசையை இழுத்திருக்கிறான், வெடிக்கவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எதிலும் இந்தத் தோட்டாக் கதை இல்லை. ஒடெட் அந்த நகலை உறையில் போட்டு ஒட்டினார். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்றார். ஒருவர் உண்மையாகவே இதைக் கையில் வைத்திருந்தாரா என்று பார்க்க, இப்படி ஒரு வரியை மறைத்து வைப்பது வழக்கம்.

ஆய்வுகூட அறிக்கை ஒரு வியாழக்கிழமை வந்தது. சிவப்பு இரத்தம் அல்ல. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, செயற்கைச் சாயம். அதன் கீழே அரைத்த சந்தனம். அதனோடு கொஞ்சம் சாம்பல். சந்தனமும் சிவப்புமாக நான்கு அடுக்குகள், ஒவ்வொன்றும் முந்தையது நன்றாகக் காய்ந்தபின் வைக்கப்பட்டது.

ஒடெட் இரண்டு முறை வாசித்தார். "ஒரு துப்பாக்கியின் கைப்பிடியில் சந்தனம் பூசுகிறவர்கள் யார்?" என்று என்னிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டார்.

"எங்கள் ஆட்கள்" என்றேன்.

ஆயுத பூசையை அவருக்கு விளக்கினேன். வருடத்தில் ஒரு நாள், உழைக்கும் கருவிகளைத் துடைத்து, சுவாமிக்கு முன் வைத்து, திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைப்போம் என்றேன். நான்கு அடுக்கு என்றால் நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் இது முசியே ரெனேயின் குடும்பத்திடம் இருக்கவில்லை. ஏதோ ஒரு தமிழ் வீட்டில் இருந்திருக்கிறது. ஒடெட் சத்தியக் கடதாசியை எடுத்து, "எப்போதும்" என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

பெரியம்மா இறந்தபின் வீட்டை ஒரு லொறிக்காரக் கொம்பனி வெறுமையாக்கியது என்று ரெனே முன்பே சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். அந்தக் காலத்தில், சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்வரை, அப்பா அப்படியான லொறிகளில்தான் சாமான் தூக்கினார். அவரோடு வேலை செய்த யாராவது ஒரு தமிழரின் பெயர் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அதற்குமேல் என் மனதில் எதுவும் இருக்கவில்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியில் ரிவோல்வரின் படத்தை அவருக்கு நீட்டினேன். அவர் பார்த்தார். கையைக் கழுவாமலே எழுந்து, துவாயில் துடைத்துவிட்டு, தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இது இப்ப எங்க கிடக்கு?" என்றார்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா தொலைபேசியை நிமிர்த்திப் பார்த்தார். "இது எங்கட பெட்டிக்குள்ள கிடந்த துவக்கெல்லோ" என்றார், காணாமற்போன கரண்டியைக் கண்டவர்போல.

படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் மறுபடி காட்டினேன். அதுதான் என்று தலையாட்டினார்.

அப்பா மெல்லச் சொன்னார். அந்த வீட்டை ஒதுக்கிய அன்று முதலாளி ஒரு மரக் கருவிப்பெட்டியை அவருக்குக் கொடுத்தார். சுத்தியல், திருகாணி முடுக்கி, வாள் எல்லாம் இருந்தன. வீட்டில் மேல்தட்டைத் தூக்கியபோதுதான் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய பொதி. துணியின் ஓரம் விலகித் தெரிந்ததைக் கண்டதும் தட்டை மூடிவிட்டார். இரண்டு கிழமையில் அவருடைய அகதி வழக்கு விசாரணை. அங்கே மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள், எப்போதாவது ஆயுதம் தொட்டிருக்கிறீர்களா என்று.

"வாழ்க்கையில தொட்டதில்லை எண்டு சத்தியம் பண்ணினன் மகள். பண்ணேக்க அது எங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு. ஆனா நான் தொடேல்ல. அண்டைக்கும் தொடேல்ல, பேந்தும் தொடேல்ல. பெட்டியைத்தான் தூக்கினன்."

பொலிஸிடம் கொடுத்திருக்கலாமே என்றேன். கேட்டவுடனே வெட்கமாகிவிட்டது. பதிவுத்தாள் இல்லாத தமிழன் ஒருவன் துவக்கோடு பொலிஸ் நிலைய வாசலில் நிற்பதை அப்பா எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எறிந்தால் பூங்காவில் விளையாடும் ஒரு பிள்ளை எடுத்துவிடும் என்று பயந்தாராம். பிறகு, அது மற்றவர்களின் சாமான். பெட்டியைத்தான் கொடுத்தார்கள், உள்ளே கிடந்ததை அல்ல. வழக்குத் தீர நான்கு வருடம் எடுத்தது. ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்த அடுத்த நாள், தன்னுடைய கருவிகளையும் அதற்குள்ளேயே விட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் போனார். விலாசம் வாசிக்கத் தெரியாது. பச்சைக் கூரைத் தேவாலயம், பக்கத்தில் டெப்பனர் எனப்படும் சிறு பலசரக்குக் கடை, வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அதை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, கதவு திறந்தவரிடம் "பொன்ஜூர்" சொல்லி, பெட்டியை வைத்துவிட்டு, "மெர்சி" சொல்லித் திரும்பிவிட்டார்.

"பொட்டு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான்தான் வைச்சன். பெட்டியில உள்ளது எல்லாத்துக்கும் வைக்கேக்க அதை மட்டும் விடேலுமா? அதால ஒருத்தருக்கும் ஒண்டும் வரப்படாது எண்டு கும்பிட்டன்." பிறகு, "உன்ர ஏடு தொடக்கின படத்திலயும் கிடக்கு, பார்க்கேல்லையா நீ?" என்றார்.

அந்தப் படத்தை நான் ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன். செத்துப்போன மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. விஜயதசமி காலை, சிவப்புப் பாவாடை, அரிசியில் என் விரல் போடும் 'அ'. அன்றுவரை நான் என்னைத்தான் பார்த்திருந்தேன். முதல்முறையாக என் தலைக்குப் பின்னால் பார்த்தேன். பூசைத் துணியில் சுத்தியல், வாள், திருகாணி முடுக்கி, கடைசியில் ஒரு மரக் கைப்பிடி. மூன்று வெட்டுத் தடங்கள், மூன்றிலும் புதிய குங்குமம். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் எழுத்தைத் தொட்ட மேசையில் கொள்ளைக்காரனின் துவக்கு என் முதுகுக்கு நேரே கிடந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஒடெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முன்னாலிருந்த கோப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். இனி நான் இந்த வழக்கில் தேடுகிறவள் இல்லை, சாட்சி என்றார். அப்பாவின் பெயரைப் போட அவசியமில்லை, "மொன்றியலில் ஒரு தனிப்பட்ட குடும்பம்" என்று எழுதுவது எங்கள் தொழிலில் சாதாரணம் என்றும் சொன்னார். அப்பாவுக்கு அந்த நேரம் குடியுரிமை கிடைத்து இருபது வருடம். ஆனாலும் அந்தச் சத்தியத்தை யாராவது தோண்டி எடுத்து, பொய் சொன்னாய், திரும்பிப் போ என்று சொல்வார்கள் என்ற பயம் அவருக்குத் தீரவில்லை. ஞாயிறு இரவு முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

முசியே ரெனேயை அழைத்து ஆய்வுகூட அறிக்கையைக் காட்டினோம். அவர் முகம் சிவந்தது. ஆமாம், பெரியம்மாவின் வீட்டில் தான் குடியிருந்தபோது ஒரு ஆள் வந்து பெட்டியைக் கொடுத்தான் என்று ஒப்புக்கொண்டார். சொல்லாமல் விட்டது ஏன் என்று ஒடெட் கேட்டார்.

"லொறியில் வந்த வேலையாள் திருடிக்கொண்டு போயிருக்கிறான். பிறகு பயந்து கொண்டுவந்து போட்டான். அவனையும் எங்கள் குடும்பக் கதையில் எழுதவா?"

"அவர் என் அப்பா" என்றேன் பிரெஞ்சில்.

முசியே ரெனே கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல, மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெயரில்லாத ஒரு குடும்பம் என்று எழுதினால், அது எப்படி அங்கே போனது என்ற இடத்தில் தன் எண்ணத்தை எழுதத்தான் வேண்டும் என்றார். மறுத்துச் சாட்சி சொல்ல ஆள் இல்லையென்றால் அவருடைய சொல் நிற்கும். அதுவும் எங்கள் ஒழுங்குதான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கள்ளன் என்ற சொல்லை விழுங்கிவிட்டுச் சொல்லத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவர் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்து வெளியே மாட்டினார்.

"பேரைப் போடச் சொல்லு மகள்" என்றார். "வந்து சொல்லுறன்."

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோட் போட்டு வந்தார். அம்மாவும் கூடவே வந்தார், அழைக்காமலே. ஒடெட் ரிவோல்வரைச் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் வைத்து, பக்கத்தில் வெள்ளைக் கையுறைகளை வைத்தார். நான் மொழிபெயர்த்தேன், மகள் மொழிபெயர்த்தாள் என்பதையும் மூன்றாம் நிரலில் எழுதினார். இதுதானா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கையுறை போட்டுத் திருப்பிப் பார்க்கலாம் என்று ஒடெட் சொன்னார். அப்பா தலையாட்டி மறுத்தார். தொட்டதில்லை என்று ஒருமுறை சொல்லியாயிற்று, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

அப்படியானால் வீட்டில் இதைக் கையில் எடுத்தவர் யார் என்று ஒடெட் கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா முன்னால் வந்து, வெறுங்கையால் அதை எடுத்தார். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பெருவிரலால் பக்கத்துச் சிறு மூடியைத் தட்டித் திறந்தார். மற்றக் கையால் உருளையை ஒவ்வொரு அறையாகச் சுற்றி, ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பார்த்து, மூடினார். நான் அந்த மூடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒடெட் இரண்டு நாள் விட்டிருந்தார்.

"இப்ப ஒண்டும் இல்ல. அப்ப ரெண்டு ரவை கிடந்தது" என்றார் அம்மா.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஒடெட் என்னைப் பார்த்தார். எப்படியோ சொன்னேன். அவர் மிக மெதுவாக, அந்தத் தோட்டாக்கள் எப்படி இருந்தன என்று கேட்டார்.

"ஒண்டு நல்லது. மற்றதுக்குப் பின்பக்கம் குழி விழுந்து கிடந்தது. அடிச்சிருக்கு, வெடிக்கேல்ல. முதல் வருசமே ரெண்டையும் எடுத்து மீன் செதிலோட சுத்திக் குப்பையில போட்டிட்டன். சாமிக்கு முன்னால ரவையோட வைக்கேலுமா?"

ஒடெட் உட்கார்ந்தார். பொருள் மேசையில் இருக்க அவர் உட்கார்ந்ததை அன்றுதான் கண்டேன். பிறகு உறையைக் கிழித்து, பட்டியலின் அந்த வரியை எனக்கு முன்னால் வைத்தார். நான் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை என்று அவருக்குத் தெரியும். "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு மேல் ஒரே கோடு இழுத்தார்.

நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மூன்று வயதில் நான் ஓடித் திரிந்த வீட்டு அலுமாரியில் தோட்டா போட்ட துப்பாக்கி. அதைத் திறந்து வெறுமையாக்கியவர், எழுதத் தெரியாது என்று எந்தத் தாளையும் என்னிடம் நீட்டும் என் அம்மா.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"சொன்னா நீங்க அண்டைக்கே பயத்தில செத்திருப்பீங்க."

"உனக்கு ஆர் பழக்கினது?"

"அண்ணன் வீட்டுக்கு வந்தா அடுப்படியில இருந்துதானே கழட்டித் துடைப்பான். பார்த்துக்கொண்டு இருந்தனான்." சுவரில் படமாக இருக்கும் மாமா ஊரில் போரில் செத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் கையில் என்ன இருந்தது என்று அம்மா சொன்னது அந்த ஒரு முறைதான்.

முசியே ரெனே அடுத்த நாள் புதிய சத்தியக் கடதாசி எழுதினார். ஏடு தொடக்கிய படம் சான்றாகக் கோப்பில் சேர்ந்தது. கைமாறிய வரலாற்றில், பொலிஸ்காரரின் பேத்திக்கும் முசியே ரெனேக்கும் நடுவே, பார்க் எக்ஸ்டென்ஷன் என்று போட்டு, ரிவோல்வரைக் கையில் வைத்திருந்தவர் என்ற இடத்தில் என் அம்மா பூரணத்தின் பெயர் இருக்கிறது. கொள்ளைக்காரர்களுக்குக் கீழே தன் பெயர் என்று அம்மா பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, அறையை விட்டுப் போகும் முன் அப்பா ஒன்று கேட்டார். தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார். ஒடெட் எழுந்து நின்று வாசித்தார், நான் தமிழில் சொன்னேன்.

"நல்லதம்பி. பெட்டியைப் பெற்றார், காத்தார், உரியவர் வீட்டுக்குச் சுமந்துசென்று ஒப்படைத்தார். ஆயுதத்தைத் தொடவில்லை."

"எந்த நிரலில போட்டிருக்கினம்?" என்று கேட்டார். மூன்று நிரல்களைப் பற்றி வரும் வழியில் நான்தான் சொல்லியிருந்தேன்.

கண்ணால் கண்டது என்ற நிரலில் இருந்தது. அம்மா கண்ட சாட்சி. சொன்னேன்.

அப்பா கைகளை முன்னால் எடுத்தார். "கடைசி வரியை இன்னொருக்கா வாசி மகள்" என்றார்.